இமயத்தின் வாசலில் சத்தி எடுத்தவன்

வாசல் என்றால் உள்ளே போகிற இடம் என்று நினைப்பவர்கள் ஒரு நாளாவது பலெர்மோ குவெஸ்தூராவுக்கு வெளியே போய் வரிசையில் நிற்க வேண்டும். வதிவிட அனுமதிக்காக நாங்கள் போகிற பொலிஸ் அலுவலகம் அது. அங்கே நின்று பழகிய எனக்கு வாசல் என்பது காத்திருக்கிற இடம். ஒரு கால் கடுத்தால் மற்றக் காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொள்கிற இடம். ஆனாலும் நான் இதுவரை நின்ற வாசல்களில் மிகப் பெரியது குவெஸ்தூரா அல்ல. அது வட இந்தியாவில் இருக்கிறது, பெயர் ஹல்துவானி.

ரயிலால் இறங்கி வருகிற வழியிலேயே 'குமாவோன் மலைகளின் வாசல்' என்று பெரிய பலகை வைத்திருப்பார்கள் (ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைச் சொல்கிறேன்; கீழே இந்தியில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது). உலகமே அந்த வாசலால் நுழைந்து இமயமலைக்குப் போகிறது. நான் போன விதத்தை எங்கள் வீட்டில் ஆளாளுக்கு ஒவ்வொரு மாதிரிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மானத்துக்குக் கொஞ்சம் நல்லது.

அப்போது நான் வியா மக்வேதா என்ற பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில், சிஞ்ஞோரா அகதாவைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தேன். சிஞ்ஞோரா ஓய்வுபெற்ற பூமிசாஸ்திர ரீச்சர். எழுபதைத் தாண்டியவர், புருஷன் இல்லை. ஒரே மகன் மிலானோவில் கோட்டில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்து. அந்த மகன் தினமும் போன் எடுத்து எனக்குக் கட்டளை போடுவார். அம்மா அடுப்புப் பக்கம் போகக் கூடாது, படியால் தனியே இறங்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, சந்தைக்குப் போகவே கூடாது. சுருக்கமாகச் சொன்னால், சிஞ்ஞோராவின் கையில் எது இருந்தாலும் அதைப் பறிப்பதுதான் என் வேலை. "கவனம், சிஞ்ஞோரா" என்பதைத்தான் நான் இத்தாலியனில் முதன்முதலாகப் பிழையில்லாமல் சொல்லப் பழகினேன். ஒரு நாளில் அதை எத்தனை தரம் சொன்னேனோ, என் நித்திரையிலும் அது கேட்கும் என்று என்னோடு அறையில் இருந்த சீலன் சொல்லுவான்.

வேலை பரீட்சார்த்தமாகத்தான். அரை நாள் சம்பளம், பேப்பர் ஒன்றும் இல்லை. எனக்கோ முழுநேர வேலை ஒப்பந்தம் வேண்டும். அது இருந்தால்தான் கிளிநொச்சியில் இருக்கிற என் மனுசி மதியைக் கூப்பிட முடியும். கலியாணம் கட்டிய கையோடு திரும்பி வந்தவன் நான். ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டால் அப்புக்காத்து மகன் "பார்ப்போம்" என்பார். மதி போனில் "என்னவாம்?" என்பாள். நானும் "பார்ப்பமாம்" என்பேன். எங்கள் குடும்ப வாழ்க்கை அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கையில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டில் சிஞ்ஞோரா முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு, தான் இமயமலையைப் பார்க்கப் போவதாக அறிவித்தார். வாழ்நாள் முழுக்கத் தடியால் வரைபடத்தில் தொட்டுக் காட்டிய மலையாம். பிள்ளைகளை அதன் சிகரங்களைப் பாடமாக்க வைத்தவர், எட்னாவைவிடப் பெரிய மலையைக் கண்ணால் கண்டதில்லையாம். மகன் முடியாது என்றார். சிஞ்ஞோரா பாஸ்தா சாப்பிடுவதை நிறுத்தினார். ஒரு சிசிலிக் கிழவி பாஸ்தாவை நிறுத்தினால் அது உண்ணாவிரதம் அல்ல, யுத்தம். மகன் பணிந்தார். ஆனால் சிவா கூடப் போக வேண்டும், தினமும் பின்னேரம் அம்மாவும் சிவாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படம் ஒன்று தனக்கு வர வேண்டும், அம்மா முழுசாகத் திரும்பி வந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்து. சிவா என்பது சிவநேசனாகிய நான்.

என்னைத் தெரிவு செய்ததற்கு இரண்டு காரணங்கள் சொன்னார்கள். முதலாவது, நான் 'அந்தப் பக்கத்து ஆள்'. கிளிநொச்சிக்காரனை ஹல்துவானிக்கு வழிகாட்டியாக அனுப்புவது, பலெர்மோக்காரன் ஒருவனைப் பிடித்து டென்மார்க்குக்கு வழிகாட்டு என்பது மாதிரி. இந்தியாவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், அதிலும் கதாநாயகன் ஆடுகிற இடங்களை மட்டும். இரண்டாவது காரணம், நான் மலையேறுகிறவனாம். அதைச் சொன்னது சிஞ்ஞோராவே.

அது என்னவென்றால், பலெர்மோவின் தலைமாட்டில் மொன்தே பெல்லெக்ரினோ என்று ஒரு மலை இருக்கிறது. உச்சிக்குக் கிட்ட ஒரு குகையில் ஊரைக் காக்கிற புனிதை சாந்த ரொசாலியா. எங்கள் ஆட்கள், சைவமும், வேதம் என்கிற கிறிஸ்தவமும் எல்லாரும், ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுங்காலோடு அந்த மலையில் ஏறுவோம். குகைக்குப் போய்க் கும்பிடும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. வீசாவுக்கு, பிள்ளைக்கு, வேலைக்கு என்று ஆளுக்கொரு நேர்த்தி இருக்கும். என் நேர்த்தி மதி. ஞாயிறு தவறாமல் ஏறினேன். கொஞ்சம் களைப்பான காதல்தான், என்ன செய்வது.

போவதற்கு முதல் நாள் பெட்டி அடுக்கும்போது சீலன் கட்டிலில் சாய்ந்துகொண்டு யோசனை சொன்னான். அவன் மன்னார்ப் பக்கத்து வேதக்காரன்.

"அண்ணை, ரொசாலியாட்டைப் போறதுக்கே நாங்கள் சாப்பிடுறேல்லை. அது சிவன்ர மலையெல்லோ. சாப்பிட்டிட்டே ஏறப்போறியள்?"

"ஓம், அது சரிதான்," என்றேன்.

சைவக்காரனுக்கு விரதம் சொல்லிக் கொடுத்தது வேதக்காரன். அதைக் கேட்டு நடந்தது நான். மலை என்றால் நடந்து ஏறுவது என்று மட்டும்தான் எங்கள் இரண்டு பேருடைய மண்டையிலும் இருந்தது. காரில் ஏறுகிற மலைக்கு என்ன விரதம் என்று இரண்டு பேரில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

ஹல்துவானியில் யாரும் தங்குவதற்காக வருவதில்லை. எல்லாரும் மேலே போவதற்காக வருகிறார்கள். மேலே கிடைக்காதது எல்லாவற்றையும் இங்கே வாங்கி, மூட்டை கட்டி, ஜீப்பின் தலையில் ஏற்றுகிறார்கள். உருளைக்கிழங்கு, சீமெந்து, மெத்தை, மணப்பெண்ணின் அலுமாரி எல்லாம் மலையை நோக்கிப் போகின்றன. லொறிகளின் ஹோர்ன் சத்தத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலின் யன்னல் கண்ணாடி நடுங்கிக்கொண்டே இருக்கும். தெருவின் முடிவில், புழுதிக்கு மேலே, மலை நீலமாக நின்றது. சிஞ்ஞோரா பெட்டியைக் கீழே வைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பெட்டியைப் பறித்து, "கவனம், சிஞ்ஞோரா" என்றேன்.

ஹோட்டல்காரர்கள் பூரன் என்ற டாக்ஸிக்காரனை ஒழுங்கு செய்து தந்தார்கள். அவன் என்னைக் கண்டதும் இந்தியில் நீளமாகக் கதைத்தான். நான் தலையாட்டினேன். அவனுக்கு அது போதுமாக இருந்தது. எனக்கும்தான்.

மறுநாள் காலை குளிர்ந்த தண்ணீரில் முழுகி, திருநீறு பூசி, முதல்நாள் மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிற்றோடும் வெறுங்காலோடும் வந்து காரில் ஏறினேன். என் சப்பாத்து களவு போய்விட்டது என்று பூரன் நினைத்தான். பாவம், தன் செருப்பைக் கழற்றித் தந்தான். நான் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தேன். அதற்குப் பிறகு அவன் என்னைச் சாமியார் என்று நினைத்திருக்க வேண்டும், கதைப்பதை நிறுத்திவிட்டான்.

கார் ஊரைத் தாண்டியது. பாதை ஒருமுறை வளைந்தது, சரி. திரும்பவும் வளைந்தது. பிறகு வளைவைத் தவிர வேறொன்றும் வரவில்லை. நான் வன்னியில் பிறந்தவன். எங்கள் ஊர்ப் பாதையில் குழி இருக்கும், வளைவு இருக்காது. பெல்லெக்ரினோவில் வளைவு இருந்தது, ஆனால் அங்கே என் காலே வாகனம். இங்கே வெறும் வயிறு ஒரு பக்கம் போக, கார் மறு பக்கம் போனது. நான் கையைத் தூக்கினேன். பூரன் அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக விட்டான்.

சத்தி எடுத்ததை விவரிக்க மாட்டேன். ஒன்று மட்டும் சொல்லலாம்: சாப்பிடாதவனுடைய வயிற்றுக்குள் அவ்வளவு இருக்கும் என்று வைத்தியர்களுக்கே தெரியாது. வாயில் வந்தது சிஞ்ஞோராவின் தொப்பிக்குள் போனது. பாதையோரத்தில் குந்தியிருந்த என் நெற்றியைச் சிஞ்ஞோரா பிடித்துக்கொண்டார். மேலே போவோம் என்று நான் எழுந்து, அடுத்த வளைவு வருவதற்கு முன்பே திரும்பவும் குந்தினேன். கார் ஹல்துவானிக்குத் திரும்பியது.

அன்று பின்னேரம் மகனுக்கு அனுப்பிய படத்தில் சிஞ்ஞோரா என் கட்டிலோரம் நிற்கிறார். நான் சுவரில் சாய்ந்து சிரிக்கிறேன். கையில் இருந்த வாளியை வெட்டிவிட்டு அனுப்பினோம்.

வெறும் வயிறுதான் பிழை என்று எனக்கு விளங்கியது. ஆகவே அடுத்த நாள் காலை நெய் ஊற்றிய பராத்தா சாப்பிட்டேன். ஒரு மூலையும் காலியில்லாமல் சாப்பிட்டேன். (வெறுங்காலை மட்டும் விடவில்லை. நேர்த்தியில் பாதியாவது மிஞ்ச வேண்டாமா?) இந்த முறை முதல் நாளைவிட நாலைந்து வளைவு மேலே போனோம். அந்த நாலைந்து வளைவுதான் பராத்தாவால் வந்த நன்மை. பூரன் கேட்காமலே காரைத் திருப்பினான்.

ஹோட்டல் அறையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். தலைக்குள் பாதை இன்னும் வளைந்துகொண்டிருந்தது. அம்மா முழுசாகத் திரும்பி வர வேண்டும் என்பதுதான் பேச்சு. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. அம்மாவைப் பார்க்க வந்தவன்தான் பாதியாகக் கிடக்கிறான். இதை அப்புக்காத்து அறிந்தால் ஒப்பந்தம் இல்லை, மதி இல்லை. அந்த எண்ணம் வந்ததும் எனக்கு அழுகை வந்தது. களைத்துப் போனவன் அழுவதற்குச் சத்தம்கூடத் தேவையில்லை, தானாக ஒழுகுகிறது.

அப்போதுதான் கவனித்தேன், சிஞ்ஞோராவைக் காணவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு யன்னலுக்குப் போனேன். கீழே தெருவில், லொறிகளுக்கும் மாடுகளுக்கும் நடுவில், சிஞ்ஞோரா தனியாக வந்துகொண்டிருந்தார். இரண்டு கையிலும் பை. சந்தைக்குப் போயிருக்கிறார். பலெர்மோவின் வுச்சீரியாச் சந்தையில் இளவயது முழுக்க மீன்காரர்களோடு மல்லுக்கட்டிய மனுசிக்கு ஹல்துவானிச் சந்தை தண்ணீர் பட்ட பாடு. பழக்கடைக்காரன் ஒருவன் பின்னாலேயே ஓடிவந்து இன்னொரு தோடம்பழத்தைப் பையில் போட்டுவிட்டுப் போனான். எந்தப் பாஷையில் என்ன பேரம் பேசினாரோ தெரியாது. படியேறி வந்தவருக்கு மூச்சும் வாங்கவில்லை. தேசிக்காயை (எலுமிச்சையை) தன் கையாலே வெட்டி, என் மூக்கில் பிடித்தார். கத்தியைப் பார்த்ததும் "கவனம், சிஞ்ஞோரா" என்று வாய் தானாகச் சொன்னது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வகுப்பே அடங்கியிருக்கும்.

அடுத்த நாள் காலை ஒரு கோப்பைத் தண்ணீரும் இரண்டு குளிசைகளும் கொண்டுவந்தார். எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"நீ இரண்டு நாள் சத்தி எடுத்தாய் அல்லவா," என்றார்.

ரீச்சர் சொல்கிற கணக்கில் பிழை இருக்காது. இரண்டையும் விழுங்கினேன். காரில் ஏறியது நினைவிருக்கிறது. 'மலைகளின் வாசல்' பலகை கடந்தது நினைவிருக்கிறது. முதல் வளைவில் வயிறு அமைதியாக இருந்தது, ஆகா, இன்றைக்கு வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

கண் விழித்தபோது ஹோட்டல் கட்டிலில் இருந்தேன். யன்னல் கண்ணாடி நடுங்கிக்கொண்டிருந்தது. வெளியே பின்னேர வெயில். நாங்கள் எப்போது புறப்படுகிறோம் என்று கேட்டேன்.

"போய் வந்துவிட்டோம்," என்றார் சிஞ்ஞோரா. முகம் வெயிலில் சிவந்திருந்தது.

பூரன் அவரை மேலே ஒரு பார்வையிடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறான். கார் போகிற இடத்திலிருந்து செங்குத்தான படிகள். அந்தப் படிகளில் தனியாக ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, தான் தடியால் காட்டிய சிகரங்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டினார்களாம். இமயமலைக்குப் போய் அதைப் பார்க்காமல் வந்த ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பூரன் அங்கே ஒரு படம் எடுத்திருக்கிறான். அதை நான் எழும்புவதற்கு முன்பே சிஞ்ஞோரா மகனுக்கு அனுப்பிவிட்டார். படத்தில் முன்னால் சிஞ்ஞோரா, பின்னால் வெள்ளை வெளேரென்று பனிமலை. கீழ் மூலையில், பாதையோரம் டாக்ஸி. அதன் யன்னலால் இரண்டு வெறுங்கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தால், காலுக்கு அப்பால், திறந்த வாய்.

போன் அடித்தது. அப்புக்காத்து கோபத்தில் கத்துகிற ஆள் அல்ல, அதுதான் பயம். மிக மரியாதையாக, அந்தக் கால்கள் யாருடையவை என்று கேட்டார். மதியின் முகத்தை நினைத்துக்கொண்டேன். இனிமேல் 'பார்ப்போம்' என்ற சொல்கூடக் கிடைக்காது என்று தெரிந்தது.

சிஞ்ஞோரா என் கையிலிருந்து போனை எடுத்தார். முதன்முறையாக அவர் என்னிடமிருந்து ஒன்றைப் பறித்தார்.

"சிவாவின் கால்கள்தான்," என்றார். "அவன் விழித்திருந்தால் என்னைக் காரிலிருந்து இறங்க விட்டிருக்க மாட்டான். நீ அப்படித்தானே பழக்கி வைத்திருக்கிறாய்? நான் மூன்று நாளாக ஒருவனைப் பார்த்துக்கொண்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா முழுசாக இருக்கிறேன். நீ வாக்குக் கொடுத்தது அவ்வளவுதான், கையெழுத்துப் போடு."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. அம்மாவிடம் தோற்றுப் பழகியவருடைய பெருமூச்சு. பலெர்மோவுக்கு வந்த பிறகு கையெழுத்தும் வந்தது.

மதிக்கு நான் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. மலை வடிவாக இருந்ததோ என்று போனில் கேட்டாள். நல்ல வடிவு என்றேன். சிஞ்ஞோராவை ஏற்றி இறக்கினது கஷ்டமோ என்று கேட்டாள். ஓம், கொஞ்சம் அலுப்புத்தான் என்றேன். அலுப்பு மட்டும் உண்மை.

குவெஸ்தூரா வாசலில் இன்னும் ஒரு நெடுங்காலம் நின்று, கடைசியில் மதி வந்து இறங்கிய நாளில், சிஞ்ஞோரா பிடிவாதமாக விமான நிலையத்துக்கு வந்தார். டாக்ஸியின் பின் ஆசனத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். வண்டி புறப்பட்டதும் சிஞ்ஞோரா கைப்பையைத் திறந்து ஒரு தேசிக்காயை எடுத்து, முன்னால் இருந்த என் மூக்கில் பிடித்தார். மதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது என்னத்துக்கு என்று கேட்டாள். சிஞ்ஞோராவும் கதையைத் தொடங்கினார். ஹல்துவானியில் ஒரு சொல்லும் மொழிபெயர்க்க முடியாமல் இருந்த நான், என் வாழ்நாளின் பெரிய மொழிபெயர்ப்பை அன்றைக்குச் செய்தேன். என் மானம் போன கதையை என் புதுப்பெண்டாட்டிக்கு வரி வரியாக நானே சொல்ல வேண்டியிருந்தது. தொப்பி வந்த இடத்தில் சுருக்கப் பார்த்தேன். சிஞ்ஞோரா விடவில்லை, நடித்தே காட்டினார். அப்புறம் எனக்கே தெரியாத ஒன்றைச் சொன்னார்.

"அந்தக் குளிசைகளில் ஒன்று சத்திக்கு. மற்றது நான் நித்திரை வராவிட்டால் போடுவது. அவனுடைய 'கவனம் சிஞ்ஞோரா'வுக்கு."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் சிஞ்ஞோரா இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, கையைக் கன்னத்தில் வைத்துக் குறட்டை விட்டதும் மதிக்கு விளங்கிவிட்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது, கடற்கரைப் பாதை நெடுக, ஊர் வரும்வரை சிரித்தார்கள். நான் தேசிக்காயை முகர்ந்துகொண்டு முன்னால் இருந்தேன். இத்தனை வருடக் களைப்பில் அன்றைக்குத்தான் எனக்கு நல்ல நித்திரை வருகிற மாதிரி இருந்தது.

இப்போது எங்களுக்கு ஒரு மகள். வீட்டில் நான் அடுப்பு, யன்னல், படி என்று எதற்காவது கவனம் சொல்லத் தொடங்கினால் மதி திரும்பியும் பாராமல், "இஞ்சேருங்கோ, ரெண்டு குளிசை தரட்டோ?" என்பாள். மகள் அதைவிடச் சுருக்கம். இரண்டு விரலைத் தூக்கி, "பப்பா, தூயே", இரண்டு, என்பாள், பலெர்மோத் தெருவின் இழுவையோடு. என் அதிகாரம் எங்கள் வீட்டில் இரண்டு விரல் உயரம்தான்.

போன மாதம் சிஞ்ஞோரா ரொசாலியாவிடம் போக வேண்டும் என்றார். எண்பதைத் தாண்டிவிட்டார், முழங்கால் சொல் கேட்பதில்லை. மகன் மிலானோவிலிருந்து வேண்டாம் என்றார். பஸ்ஸில் போனோம் (என் மடியில் ஒரு சொப்பிங் பை, அதை மறக்காமல் மதி தந்துவிடுவாள்). குகைக்கு ஏறுகிற படிகளின் அடியில் சிஞ்ஞோரா என் கையைத் தள்ளிவிட்டு, தடியை ஊன்றினார். மகள் அவர் பக்கத்தில் ஏறினாள். என் வாய் திறந்தது. முதல் எழுத்து வருவதற்கு முன்பே, கிழவியும் குழந்தையும் திரும்பிப் பாராமல் ஆளுக்கு இரண்டு விரலைத் தூக்கினார்கள்.

வாயை மூடிக்கொண்டு கீழ்ப் படியில் நின்றேன். அவர் ஒவ்வொரு படியாக, நின்று நின்று, நேரம் எடுத்து ஏறினார். மேலே போய்ச் சேர்ந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி, என்னைத் தேடினார்.

"சிவா," என்று கூப்பிட்டார், "இந்த முறை முழித்திருந்து பார்த்தாயா?"

"சீ, சிஞ்ஞோரா," என்றேன். இத்தாலியனில் ஓம் என்று அர்த்தம்.